விசாவில் நான் தச்சர்

அபுதாபியில் மனைவிக்குக் குடியிருப்பு விசா எடுக்க வேண்டுமானால், புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று நான் நம்பினேன். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது, மாமியார் பெயர் என்ன, எந்தக் குழம்பு பிடிக்கும் என்றெல்லாம் கேட்டு, இருவர் பதிலையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் விசா, போகாவிட்டால் விமானம். எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டர். அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்குக் கனடாவில் அப்படி நடந்ததாம். கனடாவில் நடந்தது அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் நடக்காதா என்று என் மூளை கேட்டது. நடுவில் இருக்கிற கடல்களை அது கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இத்தனைக்கும் நான் கணக்கு எழுதுகிறவன்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சாத்தான்குளத்துப் பக்கத்தில் பெண் தேடித் தேடி வீட்டார் அலுத்துப்போன பிறகு, உடன் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தன் தங்கை வதனியைப் பற்றிச் சொன்னார். அவளுக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் கல்யாணம். நான் இந்தியன், அவள் இலங்கைக்காரி, குடித்தனம் அரபு நாட்டில். மூன்று அரசாங்கங்கள் சம்மதித்தால்தான் எங்கள் வீட்டில் சோறு வேகும் என்கிற நிலை.

அவள் விசிட் விசாவில் வந்து இறங்கிய வாரமே பயிற்சியைத் தொடங்கினேன். என் டூத் பிரஷ் என்ன நிறம், இரத்தம் என்ன வகை, அறுவைச் சிகிச்சை நடந்தது எந்தப் பக்கம் என்று கேள்விகள் போட்டு, சமையலறை வாசலில் நின்று கேட்பேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சரியாகச் சொல்வாள். நான்தான் அவளுடைய அத்தைமாரின் பெயர்களைத் தினமும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "இஞ்சாருங்கோ, நான் பள்ளிக்கூடம் போற காலத்திலையிருந்து சென்றியிலை நிண்டு பழகினனான். அங்கை ஒரே ஒரு பாடந்தான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும். கேக்காததைச் சொல்லக் கூடாது."

சென்றி என்றால் அவள் ஊரில் ராணுவச் சோதனைச் சாவடி. நான் வாழ்க்கையில் பார்த்த பெரிய சோதனை, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். இருந்தாலும் நான்தான் அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் இதுதான். விசிட் விசாவில் வந்தவள் அது முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியே போக வேண்டும். நான் ஸ்பான்சர் செய்து எடுக்கும் புதிய விசாத் தாளோடு மறுபடி உள்ளே வர வேண்டும். தாள் கைக்கு வரவில்லையென்றால் நேரே கொழும்புதான். போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை அடைத்திருந்த நேரம் அது. கொழும்பில் சித்தி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மறுபடி எப்போது என்று தெரியாமல் அவள் காத்திருக்க வேண்டும். நான் இங்கே ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். இது மட்டும் என் கற்பனை இல்லை.

விசா மாற்றுவதற்கு எல்லோரும் ஈரான் பக்கத்துத் தீவு ஒன்றுக்குப் போவார்கள். அங்கே போன பெண்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்த கதைகளைக் கேட்டு, நான் ஓமானைத் தேர்ந்தெடுத்தேன். சோஹாரில் எங்கள் ஊர் முருகேசன் இருந்தான். இருவருக்கும் அவன் கம்பெனி மூலம் ஓமான் விசா வாங்கிவிட்டான். அவளை மட்டும் அனுப்பியிருக்கலாம். "தனியா விட மனசில்ல" என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் தனியாக இருக்கப் பயந்தது நான்.

எங்கள் கம்பெனிக்காக அரசாங்க அலுவலகங்களில் அலைகிறவர் அஷ்ரஃப், மலையாளி. அவர் ஒரே ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் சொன்னார். "ஸாரே, ஞான் லேபர் கார்டில் அக்கவுண்டண்ட் ஆக்கியிட்டுண்டு. பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் மாறியிட்டில்லா. அது அடுத்த ரினியூவலில். ஒண்ணும் பேடிக்கண்டா."

வளைகுடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே ஒரு மனிதனும் அவன் விசாவில் எழுதியிருக்கும் வேலையும் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் வந்து சேர்ந்த வருடம் கம்பெனியிடம் மிச்சமிருந்தது தச்சர் விசாதான். அதில் என்னைச் செருகினார்கள். அன்று முதல் பேரேடு எழுதும் நான் பாஸ்போர்ட்டில் நஜ்ஜார், அதாவது தச்சர். எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது. வதனி வந்ததும் வாங்கிய சுவர்க்கடிகாரம் தரையில் சுவரோரமாகச் சாய்ந்து நின்று மணி காட்டிக்கொண்டிருந்தது. தச்சர்கள் மனைவியை ஸ்பான்சர் செய்ய முடியாது என்பதால்தான் அஷ்ரஃப் வேலை அனுமதி அட்டையான லேபர் கார்டை மட்டும் முதலில் மாற்றினார். பயப்படாதீர்கள், பேடிக்கண்டா, என்று அவர் சொன்ன நிமிடத்திலிருந்து நான் பேடிக்கத் தொடங்கினேன்.

முதல் நாள் எல்லையோர ஹத்தா வழியாக ஷேர் டாக்ஸி. பாகிஸ்தான் பட்டாணியரான டிரைவர், மலைப்பாதையில் ஸ்டீரிங்கை முழங்காலால் பிடித்துக்கொண்டு ஆரஞ்சு உரித்தார். பாதியை வதனிக்கு நீட்டி, "பெண்ணே சாப்பிடு, உன் புருஷன் முகத்தைப் பார்த்தால் எனக்கே பசி போகிறது" என்று உருதுவில் சொன்னார். என் மடியில் கல்யாண ஆல்பம் இருந்தது. பெட்டியில் வைத்தால் நசுங்கும் என்று கையிலேயே வைத்திருந்தேன். தடித்த அட்டை, மேலே வெல்வெட், நடுவில் எங்கள் இருவர் படம். இதற்கு ஒரு தனி இருக்கை போட்டிருக்கலாம் என்று டிரைவர் சொன்னது நியாயமே.

வெளியே போகிற வழியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். பரீட்சைக்கு உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டு வந்தவனிடம், இன்றைக்கு வாத்தியார் வரவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்!

சோஹாரில் முருகேசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் இருப்பது ஆண்கள் கேம்ப் என்பதால், குடும்பத்தோடு இருந்த தன் சூப்பர்வைசர் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை பிடித்து வைத்திருந்தான். டாக்ஸியை விட்டு இறங்கியதும் என்னை விட்டுவிட்டு வதனியிடம் போனான்.

"வாங்க மதினி. ஏன் மதினி, அண்ணாச்சி மொகம் இப்பிடி வெளிறிக் கெடக்கு? கடத்திக்கிட்டு வந்தியளா?"

"ஓம் தம்பி, கஷ்டப்பட்டுத்தான் கொண்டுவந்தனான்" என்றாள்.

முருகேசன் "வந்தியளா" என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பேச்சு தன் ஊர்ப் பேச்சுக்குக் கிட்டத்தில் நிற்கிறது, டெலிவிஷனில் வருகிற மெட்ராஸ் பேச்சுதான் தனக்கு விளங்குவதில்லை என்றாள். அந்த உற்சாகத்தில் மீன் சந்தைக்குப் போய், விளைமீன் வாங்கி, கேம்ப் ஆட்களுக்குத் தேங்காய்ப்பால் விட்டு யாழ்ப்பாணத்துக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அவர்கள் வருடக்கணக்காகத் தங்கள் கையால் சமைத்து, அதைத் தாங்களே பாராட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள். ஒருவன் தட்டை வழித்து நக்கிவிட்டு, இந்த அக்காவுக்கு அமீரகம் விசா தராவிட்டால் ஓமானே கொடுத்துவிடும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். விசா தராவிட்டால் என்ற பகுதி மட்டும் என் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அதை மீன் முள் என்று நினைத்து அரைக் குவளைத் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் மஸ்கட்டின் கடைத்தெருப் பகுதியான ரூவி. எங்கள் ஒர்க்‌ஷாப் லாரி உதிரிப் பாகங்களோடு அங்கே வரும், விசாத் தாளை டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன் என்று அஷ்ரஃப் சொல்லியிருந்தார். ஆரஞ்சும் வெள்ளையும் அடித்த டாக்ஸிகள் ரூவியில் மொய்த்தன. ஏறினால் இறங்கும் இடம் டிரைவர் இஷ்டம். ஓமானியரே ஓட்டுகிறார்கள், நின்று நலம் விசாரிக்கிறார்கள். அமீரகத்தில் டாக்ஸி ஓட்டும் அரபு முகத்தை நான் கண்டதே இல்லை. கடைத்தெரு அப்படியே தூத்துக்குடி பஜார். ஜவுளிக்கடை, நகைக்கடை, தோசைக்கடை. தோசைக்கடையில் சாம்பார் கேட்டால் இரண்டாவது முறையும் சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். அபுதாபியில் இரண்டாவது முறை கேட்டால் சர்வர் நம் சொந்த ஊரைக் கேட்பார்.

எங்கள் பக்கத்தில் மஸ்கோத் அல்வா என்று ஒன்று உண்டு. தேங்காய்ப்பாலில் கிண்டியது, வாயில் வைத்தால் வழுக்கும். அதன் தாய்வீட்டுக்கே வந்துவிட்டோம் என்று வதனியிடம் பெருமையடித்து, ஒரு டப்பா வாங்கினேன். ஏலமும் குங்குமப்பூவும் ரோஜாவும் மணக்கும் வேறு ஏதோ ஒரு சாமான் அது. எங்கள் அல்வாவுக்கு அதனோடு எந்த உறவும் இருப்பதாகத் தெரியவில்லை. "உங்கட அல்வாவும் உங்களை மாதிரித்தான். விசாவிலை ஒரு பேர், ஆள் வேறை" என்றாள் வதனி. அந்த ஒரு பேச்சுக்காக டப்பாவை முழுதாக அவளிடமே கொடுத்துவிட்டேன்.

லாரி அன்று வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. மலிவு விலை ஹோட்டல், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் ஏசி முகத்தில் மூச்சு விடும். அவளுடைய விசிட் விசா முடிந்துபோயிருந்தது. இனி அந்தத் தாள் இல்லாமல் அவள் ஹத்தாவைத் தாண்ட முடியாது. அஷ்ரஃபுக்கு நான் எத்தனை முறை போன் செய்தேனோ, கடைசியில் அவர் மனைவி எடுத்து, அவர் குளிக்கிறார், இன்னமும் குளிக்கிறார் என்றாள். மதியத்துக்கு மேல் லாரி டிரைவர் வந்தார். வழியில் டயர் வெடித்ததாம். விசாத் தாளை உணவுப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருந்ததால் அதில் ஒரு மூலையில் எண்ணெய் பூத்திருந்தது. எண்ணெய்க்குக் கீழே அவள் பெயர் தெளிவாக இருந்தது. ஸ்பான்சர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. இத்தனை வருடம் எனக்கு ஒரு கஃபீல், அதாவது அரபு ஸ்பான்சர், இருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் நான் மூச்சுவிட முடியாது. இப்போது நானே ஒருத்திக்குக் கஃபீல். என் விசா ஆடினால் அவள் விசா உதிரும். பெருமையில் தாளைச் சட்டைப்பையில் வைத்தேன், பயத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை ரூவியிலிருந்து துபாய் பஸ். அமீரக எல்லையில் எல்லோரையும் இறக்கிவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நிற்கும்போதே வதனி என் காதருகே சொன்னாள். "கேட்டதுக்கு மட்டும்."

அவள் எனக்கு முன்னால். தாளை நீட்டினாள். கவுண்டரில் இருந்த இளைஞர் எண்ணெய்க் கறையை முகர்ந்து பார்த்தார். அவளைக் கண் படம் எடுக்கும் கருவியின் முன் நிறுத்தினார். முத்திரை குத்தினார். முடிந்தது. அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் இத்தனை நாள் தூக்கம் கெட்ட காரியம், ஒரு தும்மல் போடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

அடுத்து நான். பாஸ்போர்ட்டைப் புரட்டினார், பக்கத்தைக் கண்டுபிடித்தார், முத்திரைக் கட்டையைத் தூக்கினார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டை அந்தரத்தில் இருந்தபோது எனக்குள் எதுவோ உடைந்துவிட்டது.

"சார், அவர் என் மனைவி. ஒரிஜினல் மனைவி" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் கை நின்றது. ஒருவன் தானாக வந்து ஒரிஜினல் என்று சொன்னால், டூப்ளிகேட் எங்கே என்று தேடுவதுதான் அவருக்குச் சம்பளம். நிமிர்ந்து என்னை முதல்முறையாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக நான் கல்யாணச் சான்றிதழை எடுத்து வைத்தேன். அதன்மேல் லேபர் கார்டு நகல். அதன்மேல் ஆல்பம். என்னிடம் இருந்த எல்லாவற்றையும் கவுண்டரில் கடை பரப்பிவிட்டேன். அவர் ஆல்பத்தைத் தொடவில்லை. லேபர் கார்டை எடுத்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார்.

"முஹாஸிப்?" என்றார். கணக்கர்.

ஆமாம் என்றேன்.

"நஜ்ஜார்?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

எந்த வாசலிலும் தப்பிக்க முடியாத வீட்டை நானே கட்டியிருந்தேன். அதிலே மட்டும் நான் தச்சர்தான். கணக்கன் என்றால் பாஸ்போர்ட் பொய். தச்சன் என்றால் மனைவியை ஸ்பான்சர் செய்தது பொய். பின்னால் வரிசை முனகியது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். இளைஞர் உள்ளே போய் மூத்த அதிகாரி ஒருவரை அழைத்து வந்தார். நரைத்த தாடி, கையில் தேநீர்க் கோப்பை. வந்தவர் கோப்பையை வைக்க இடம் தேடி, எங்கள் ஆல்பத்தின் மேல் வைத்தார்.

பிறகு, எல்லையைத் தாண்டி நின்றவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

வதனி திரும்பி வந்தாள். உள்ளே போனவளை என் வாயே வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. முத்திரை குத்திய தாளை அவர்கள் கிழித்தால் அடுத்த பஸ் அவளை மஸ்கட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகும், அங்கிருந்து கொழும்பு, சித்தி வீடு, பாய். அவள் என்னைப் பார்க்கவில்லை. சென்றியில் நிற்கிற மாதிரி, கையை முன்னால் கோத்துக்கொண்டு, தரையையும் பார்க்காமல் ஆளையும் பார்க்காமல் நின்றாள்.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். அவள் பதிலும் ஆங்கிலம்தான், என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. டூத் பிரஷ் நிறம் கேட்கவில்லை. இரத்த வகை கேட்கவில்லை. நான் தயாரித்த கேள்விகளில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"உன் புருஷனுக்கு என்ன வேலை?"

"கணக்கு, சேர்."

"பாஸ்போர்ட்டில் தச்சர் என்று இருக்கிறதே?"

"ஓம், சேர்."

அவ்வளவுதான். கேட்டதற்கு மட்டும். அவர் காத்திருந்தார், அவளும் காத்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலேயே விரல் நுனியால் என் சட்டைக் கையைப் பிடித்தாள். மூடிக்கொண்டேன்.

"இவனுக்குத் தச்சு வேலை தெரியுமா, தெரியாதா?" என்றார்.

"தெரியாது, சேர்." இங்கே நிறுத்தியிருக்க வேண்டும், அவள் சட்டப்படி. நிறுத்தவில்லை. "எங்கட வீட்டு மணிக்கூடு இன்னும் நிலத்திலை நிக்குது, சேர். ஒரு ஆணி அடிக்கத் தெரியாது இவருக்கு."

கேட்காததை அவள் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு முறைதான்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். கவுண்டரின் ஓரத்தில் ஆள் நுழைவதற்கான சிறு மரக்கதவு ஒன்று, ஒரு கீல் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "யா நஜ்ஜார், சரி பண்ணு பார்ப்போம்" என்றார். பரீட்சை கடைசியில் வந்தேவிட்டது, நான் படிக்காத பாடத்தில். இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, சரியான இடத்தில் பொருத்துவதாக நினைத்து, தூக்கி அழுத்தினேன். மிச்சமிருந்த கீலும் பெயர்ந்து, கதவு முழுதாக என் மார்பில் சாய்ந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

வரிசையில் யாரோ மலையாளத்தில் கடவுளைக் கூப்பிட்டார்கள். இளைஞர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பெரியவர் மட்டும் சிரிக்காமல் கார்டில் முஹாஸிப் என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுதான் சரி" என்று இளைஞரிடம் அரபியில் சொன்னார். சிரிப்பு அவருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. அபுதாபி போனதும் கம்பெனியிடம் சொல்லி ஸ்டிக்கரை மாற்று என்றார். முத்திரை விழுந்தது. தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு, "கலாஸ், முடிந்தது. யல்லா, போ" என்றார். கதவை எங்கே வைப்பது என்று கேட்டேன். எதையும் தொடாதே என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். வதனி ஜன்னலோரம் உட்கார்ந்து, மிச்சமிருந்த அல்வாவை ஒரு விள்ளல் என் வாயில் போட்டாள். நான் பேசாமல் இருப்பதற்காக என்று பிறகு சொன்னாள்.

ஆல்பத்தின் வெல்வெட்டில் எங்கள் இருவர் படத்தையும் சுற்றித் தேநீர்க் கோப்பையின் வட்டம் பதிந்துவிட்டது, போகவே இல்லை. கடிகாரத்தை வதனி சுவரில் மாட்டினாள். சில வாரத்தில் மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து, அவள் பாஸ்போர்ட்டில் குடியிருப்பு விசா ஒட்டி வந்தது. என் ஸ்டிக்கர் அடுத்த புதுப்பித்தல் வரைக்கும் தச்சர் என்றே இருந்தது. எங்கள் கல்யாணம் உண்மையா என்று எந்த நாட்டிலும், எந்த அதிகாரியும் எங்களிடம் கேட்கவில்லை.